மோட்டார் எஞ்சின் ‘ஜேம்’ ஆனதா? பணம் கட்டும் முன் காரணத்தைக் கேளுங்கள்

புக்கிட் தெங்கா – பிறை, புக்கிட் மின்யாக், ஜூரு வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் போதும், நம் மக்களின் பிழைப்பு எதை நம்பி ஓடுகிறது என்பது விளங்கிவிடும். சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் புக்கிட் மெர்தாஜம் அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓடினால்தான் சம்பளம். அது ஒரு நாள் நின்றால் அன்றைய ஓவர்டைம் போகும். ஒரு வாரம் நின்றால் வேலைக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட மோட்டார் நடுவழியில் நின்று, கிக் மிதித்தாலும் அசையாமல் போனால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “எஞ்சின் ஜேம். ஓவர்ஹால் செய்யணும்.” சில நூறு வெள்ளி செலவாகும். புது பிஸ்டன், புது ரிங், பிளாக் போர் எல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வரும். சிலருக்கு மூன்று நான்கு மாதங்களிலேயே அதே எஞ்சின் மறுபடியும் ஜேம் ஆகிவிடும். “பார்ட்ஸ் சரியில்லை”, “போமன் சரியில்லை” என்று குறை சொல்லிக்கொண்டு இரண்டாவது முறையும் பணம் கட்டுவார்கள்.

பல நேரங்களில் நடந்தது வேறு. கெட்டுப்போன பாகத்தை மாற்றினார்கள். அது ஏன் கெட்டது என்று யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் கசிந்த இடம் அப்படியே இருக்கிறது, அல்லது தூசியை உள்ளே விட்ட ஏர் ஃபில்டர் அப்படியே இருக்கிறது. பழைய பிஸ்டனைக் கொன்ற காரணமே புது பிஸ்டனையும் கொல்கிறது.

சிறிய மோட்டார் எஞ்சின் காரணமில்லாமல் சாவதில்லை. சாகும்போது தடயம் விட்டுத்தான் போகிறது. அந்தத் தடயங்களைப் படிக்க நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

பினாங்கும் கப்சாயும்

மலேசியாவின் மோட்டார் சைக்கிள் கதையில் பினாங்குக்குத் தனி இடம் உண்டு. சீனாவிலிருந்து சிறுவனாக இங்கு வந்து பஸ் பட்டறையில் மெக்கானிக் வேலை கற்றவர் லோ பூன் சியூ. 1950-களின் இறுதியில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவுக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். ஹோண்டா சூப்பர் கப் ஜப்பானில் 1958-இல் அறிமுகமானது. அந்தக் ‘கப்’ என்ற பெயரிலிருந்துதான் நாம் இன்றும் சொல்லும் ‘கப்சாய்’ வந்தது. அந்த வரிசை வண்டிகள் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் தயாராகிவிட்டதாக ஹோண்டா 2017-இல் அறிவித்தது. இன்று பூன் சியூ ஹோண்டா தொழிற்சாலை பத்து கவானில் இருக்கிறது. வடக்கே கெடா குருணில் மொடெனாஸ் தொழிற்சாலை. அதன் கிரிஸ் மோட்டார் 1996-இல் சாலைக்கு வந்தது.

இஎக்ஸ்5, கிரிஸ், வேவ் போன்ற கப்சாய்களுக்கு எளிமைதான் பலம். ஒரே சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், எவரும் கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பு. ஆனால் அந்த எளிமையில் ஒரு பலவீனமும் உண்டு. இஎக்ஸ்5-க்கு எண்ணெய் மாற்றும்போது ஊற்றுவது சுமார் 0.7 லிட்டர்தான். அந்தக் கொஞ்ச எண்ணெய்தான் பிஸ்டன், கியர், கிளட்ச், மேலே இருக்கும் கேம் எல்லாவற்றையும் காக்கிறது. அது குறைந்துவிட்டது என்று சொல்ல மீட்டரில் எந்த விளக்கும் கிடையாது. காரில் சிவப்பு விளக்கு எரியும். கப்சாயில் எஞ்சின் ஜேம் ஆவதுதான் முதல் அறிவிப்பு.

ஸ்டார்ட் ஆகவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: நெருப்புப் பொறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதை இறுக்கும் அழுத்தம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடாது. ஆகவே செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.

முதலில் டாங்கியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் மீட்டர் பல பழைய வண்டிகளில் பொய் சொல்லும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாய் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கிக்கை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். இந்த ஒரு சோதனை பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஓர் இடத்தில் எதிர்த்து நின்று பிறகு இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் ‘பொத்’தென்று விழுந்தால் அழுத்தம் இல்லை, வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கலாம். அசையவே மறுத்தால் எஞ்சின் இறுகிவிட்டது. அசையாத கிக்கை ஏறி மிதிக்காதீர்கள். பழுதைப் பெரிதாக்கிவிடுவீர்கள்.

மூன்றாவது, பிளக். அதைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் மேல் நன்றாகத் தொடும்படி வைத்துக்கொண்டு கிக்கை மிதித்தால் நீல நிறப் பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். பிளக்கை ரப்பர் கேப்பால்தான் பிடிக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பொறியைத் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. பக்கத்தில் சிகரெட்டும் இருக்கக் கூடாது. பொறி இல்லாவிட்டால் முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதுதான் ஆகக் குறைந்த செலவு. பிறகுதான் பிளக் கேப், காயில், சிடிஐ எல்லாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, சிடிஐ வாங்கிய பிறகு பிளக் கேப் ஈரம் என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

நான்காவது, பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் வர வேண்டும். அதை ஒரு கண்ணாடி போத்தலில் பிடித்து வையுங்கள். அடியில் தனியாகக் குமிழ்போல் நிற்பது தண்ணீர். எஃப்.ஐ. வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ‘ஸ்ஸ்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலியே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மீட்டரில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது பழுதின் குறியீடு. போமனுக்கு மிகவும் உதவும்.

பிளக் சொல்லும் செய்தி

கழற்றிய பிளக்கைத் துடைப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் திறக்காமலேயே காட்டும் சாட்சி அதுதான்.

வெளிர் பழுப்பு நிறம் என்றால் எரிதல் சரியாக இருக்கிறது.

காய்ந்த கரி, விரலில் ஒட்டும் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும்.

எண்ணெய் பூசிய கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் மேலே வந்து எரிகிறது. இது எச்சரிக்கை.

வெள்ளையாக, பொரிந்ததுபோல் இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம், எங்காவது காற்று கசிந்து உள்ளே போகலாம், அல்லது பிளக் எண் அந்த எஞ்சினுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம்.

பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. அல்லது அதிகம் மிதித்து வெள்ளமாக்கிவிட்டீர்கள். காய வைத்து மறுபடி முயலலாம்.

ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிடும் மோட்டார்

காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் அடைத்து அடைத்து நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் மறுபடியும் ஓடும். இந்தப் பழுதுக்குத்தான் நம்மவர்கள் தேவையில்லாமல் அதிகம் செலவு செய்கிறார்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று, டாங்கி மூடியின் காற்றுத் துளை. அது அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. செலவு ஒன்றும் இல்லை; துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

இரண்டு, சூடானதும் வேலை செய்யாமல் போகும் காயில் அல்லது சிடிஐ. வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். பட்டறையில் “ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள்.

மூன்று, வால்வு இடைவெளி. இஎக்ஸ்5 போன்ற எஞ்சினில் ஆறிய நிலையில் வால்வுக்கு 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், எஞ்சின் சூடாகும்போது வால்வு நீண்டு, முழுமையாக மூடாது. அழுத்தம் குறைந்து எஞ்சின் அணையும். இடைவெளியைச் சரிசெய்வது சின்ன வேலை. செய்யாமல் விட்டால் வால்வு எரிந்து ஹெட்டைத் திறக்க வேண்டி வரும்.

நான்காவதுதான் ஆபத்தானது. எஞ்சின் சூட்டில் இலேசாக ஜேம் ஆகி, ஆறியதும் விடுபடுவது. வேகம் தானாகக் குறையும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், பிறகு நிற்கும். அரை மணி நேரம் கழித்துக் கிக் இறங்கும், வண்டியும் ஓடும். “ஓடுகிறதே” என்று விட்டுவிடுவார்கள். அது கடைசி எச்சரிக்கை. அப்போதே எண்ணெய் அளவைப் பார்த்தவருக்குப் பல நேரம் ஒரு போத்தல் எண்ணெயோடும் சின்னப் பழுதோடும் முடிந்துவிடும். பார்க்காதவருக்கு அடுத்தது ஓவர்ஹால்.

புகையின் நிறம்

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் அல்லது பிளாக் தேய்ந்திருக்கலாம். முதலாவதற்கு ஹெட் வேலை மட்டும் போதும். இரண்டாவதற்குத்தான் பிளாக்கைத் திறக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு பழைய சோதனை உண்டு. அழுத்தமானியில் அழுத்தத்தை அளந்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக உயர்ந்தால் கசிவு ரிங்கில். உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டில்.

கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் என்பதைக் காட்டும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவிதான். எல்சி135, ஒய்15 போன்ற தண்ணீரால் குளிரும் வண்டிகளில் வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஏன் ஜேம் ஆகிறது?

நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒரு விநாடிக்கு 100 முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனுக்கும் பிளாக் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பிஸ்டன் அலுமினியம், சுவர் பெரும்பாலும் இரும்பு ஸ்லீவ். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. படலம் அறுந்தாலோ, சூடு எல்லை மீறினாலோ அலுமினியம் விரிந்து இரும்புச் சுவரில் உரசி ஒட்டிக்கொள்ளும். ஜேம் என்பது அதுதான்.

எண்ணெய் எப்படிக் குறைகிறது? அடிப் போல்ட், கேஸ்கெட் வழியாகக் கசியும். தேய்ந்த ரிங் வழியாக மேலே ஏறி எரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லிலிட்டர் எண்ணெய் எரிக்கும் பழைய எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். 2,500 கிலோமீட்டரில் 375 மில்லிலிட்டர் போய்விடும். 0.7 லிட்டரில் பாதிக்கும் மேல் காலி. கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தாததால் உரிமையாளருக்கு எதுவும் தெரியாது.

உணவு, பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றால் 26 நாளில் 2,600 கிலோமீட்டர். “போன மாதம்தானே எண்ணெய் மாற்றினேன்” என்று மாதத்தை எண்ணினால் தவறாகிவிடும். கிலோமீட்டரைத்தான் எண்ண வேண்டும்.

எண்ணெயின் தரமும் முக்கியம். கப்சாயில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. காருக்கென்று தயாரித்த எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கும். போத்தலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம்பி என்ற குறி ஆட்டோ ஸ்கூட்டர்களுக்கானது.

மற்றொரு காரணம், நாமே செய்யும் மாற்றங்கள். சத்தத்துக்காகவும் வேகத்துக்காகவும் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடுவார்கள். கார்புரேட்டரைத் திருத்தாமல் எக்ஸோஸை மட்டும் மாற்றுவார்கள். தூசி நேராக உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஃபில்டர் இல்லாமல் ஓடும் எஞ்சின் மணலைத் தின்று ஓடுகிறது என்றே சொல்லலாம்.

பழைய பிஸ்டனைப் பாருங்கள்

எஞ்சினைத் திறந்த பிறகு பெரும்பாலும் பழைய பாகங்கள் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். காரணத்தைச் சொல்லும் ஆதாரமும் அதோடு போய்விடும். திறப்பதற்கு முன்பே, “அண்ணே, பழைய சாமான் எதையும் வீசிடாதீங்க, நான் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லி வையுங்கள். பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

பிஸ்டனின் முன்புறமும் பின்புறமும் அகலமாக உரசி, அலுமினியம் இழுபட்டிருந்தால், கேம், ராக்கர் ஆகியவையும் கீறி நிறம் மாறியிருந்தால், எண்ணெய் கிடைக்கவில்லை. எண்ணெய் தீர்ந்ததா, கசிந்ததா, பம்ப் வேலை செய்யவில்லையா, எண்ணெய் வலை அடைத்ததா என்று தொடர்ந்து கேட்க வேண்டும்.

பிஸ்டன் பின்னின் இருபுறமும் நான்கு இடங்களில் மட்டும் உரசல் இருந்தால், சூடு மிஞ்சியது. பிளாக்கின் காற்று விசிறிகளில் சேறு அடைத்திருக்கலாம். தண்ணீர் வண்டியில் ரேடியேட்டர் நீர் குறைந்திருக்கலாம்.

சுற்றிலும் நேர்க்கோடுகளாக மெல்லிய கீறல்கள், மங்கிய தேய்மானம், மெலிந்த ரிங் என்றால் தூசி. ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டர் ரப்பர் இணைப்பையும் மாற்றாமல் எஞ்சினைப் பூட்டக் கூடாது.

பிஸ்டனின் தலை உருகியோ துளை விழுந்தோ இருந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு, தவறான பிளக், அல்லது பொறி விழும் நேரக் கோளாறு.

பிஸ்டன் தலையில் பிறை வடிவப் பள்ளம் இருந்தால் வால்வு வந்து இடித்திருக்கிறது. டைமிங் செயின் தளர்ந்து தாண்டியதா என்று பார்க்க வேண்டும். இதற்கு முன்பே செயின் பல நாள் ‘கரகர’ என்று சத்தம் போட்டிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற மோட்டார்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீவிலும் செபராங் பிறையிலும் எத்தனையோ மோட்டார்கள் தண்ணீரில் நின்றன. அதற்குப் பிறகும் தாழ்வான இடங்களில் கனமழைக்கு நீர் ஏறுவதை நாம் பார்க்கிறோம்.

மூழ்கிய மோட்டாரை உடனே ஸ்டார்ட் செய்வதுதான் அதைக் கெடுக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது பட்டன் ஸ்டார்ட்டை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே சாவியைப் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். எண்ணெயைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடியும் மாற்ற வேண்டும். டாங்கி, கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி ஆகியவற்றிலும் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம். இரண்டு முறை எண்ணெய் மாற்றும் செலவு ஓர் ஓவர்ஹாலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

நெடுஞ்சாலையில் ஜேம் ஆனால்

பணத்தைவிடப் பெரிய ஆபத்து இதில் உண்டு. வேகமாகப் போகும்போது எஞ்சின் இறுகினால் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளலாம். பின்னால் லாரி வரும் ஜூரு பகுதி நெடுஞ்சாலையிலோ பினாங்கு பாலத்திலோ இது உயிர்ப் பிரச்சினை.

முறுக்கியும் வேகம் குறைகிறது, எஞ்சினில் உலோகச் சத்தம், காய்ந்த எரிநாற்றம் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். கிளட்ச் கைப்பிடி உள்ள வண்டியில் உடனே கிளட்சை இறுகப் பிடியுங்கள். கப்சாயில் கியர் மிதியின் முன்பக்கத்தை அழுத்தி அப்படியே பிடியுங்கள். மிதி அழுந்தியிருக்கும்வரை கிளட்ச் விடுபட்டிருக்கும், சக்கரம் உருளும். சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு உதவிக்கு அழையுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் அதன் உதவி எண் 1800-88-0000. அவசரப் பாதையில் குனிந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

நல்ல போமன் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார். வண்டியின் கதையைத் தெளிவாகச் சொல்கிறவரை அவருக்கும் பிடிக்கும். “மோட்டார் ஓடலை” என்று மட்டும் சொல்லாமல், எப்போது நின்றது, சூடாக இருந்ததா, சத்தம் வந்ததா, கடைசியாக எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? அழுத்தம் அளந்தீர்களா?

இந்தப் பாகம் கெட்டதற்குக் காரணம் என்ன? அந்தக் காரணத்தையும் சரிசெய்கிறீர்களா?

மொத்தச் செலவு எவ்வளவு? அதற்கு மேல் போனால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வீர்களா?

எந்தப் பாகம் அசல், எந்தப் பாகம் மாற்று? ரசீதில் தனித்தனியாக எழுதுவீர்களா? பழைய பாகம் கிடைக்குமா?

ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் வாங்கிச் செய்யும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். பேசித் தீராத தகராறை மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் பழைய பாகமும் கையில் இருந்தால்தான் நம் பேச்சுக்கு வலு. ஜோர்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

வாரம் ஒரு முறை, ஐந்து நிமிடம்

மேலே சொன்ன பழுதுகளில் பலவற்றை ஒரே பழக்கத்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். வாரம் ஒரு நாள், சமதரையில் மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எண்ணெய்க் கம்பியைக் கழற்றித் துடைத்து, கப்சாயாக இருந்தால் மரையைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்திருந்தால் அன்றே ஊற்றுங்கள். அடுத்த வாரமும் குறைந்திருந்தால், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிள்ளை வேலைக்குச் சேர்ந்து முதல் மோட்டார் வாங்கும்போது சாலைவரியும் காப்புறுதியும் எடுத்துக் கொடுக்கிறோம், நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கிறோம். அந்த எண்ணெய்க் கம்பி எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது என்பதையும் அன்றைக்கே காட்டிக் கொடுங்கள். பழைய மோட்டார் வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியைத்தான்.